பிள்ளையை நித்திரையாக்க எவ்வளவு செலவு?

மூளையின் மின்னலைகளைப் பதிகிற ஈஈஜி அறையில் ஒரு நாளில் முதலில் வீணாகிற அரை மணித்தியாலம் தேங்காய் எண்ணெயில் போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றால் பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, வழித்துச் சீவி, பெண்பிள்ளை என்றால் இரட்டைப் பின்னலும் போட்டுக் கூட்டி வருவதுதான் எங்கள் அம்மாமாரின் வழக்கம். சர்வதேச 10–20 முறைப்படி தலையில் 21 இடங்களை அளந்து குறித்து, ஒவ்வொரு இடத்திலும் தோலை மெல்லத் தேய்த்து, பசை வைத்து, சிறு கிண்ணம் போன்ற இலக்ரோட்டை அமர்த்த வேண்டும். எண்ணெய்த் தலையில் பசை வழுக்கும். தோலுக்கும் உலோகத்துக்கும் இடையிலான மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்காது. திரையில் மூளை அலைக்குப் பதிலாக 50 ஹேட்ஸ் கரண்ட் இரைச்சல் தடித்த கோடாக ஓடும். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கத் தொடங்கினால், கண் சொக்கிக்கொண்டிருந்த பிள்ளை வீறிட்டு எழும்பிவிடும். அதற்குப் பிறகு எந்த மருந்தைக் கொடுத்தாலும் பாதி வலுத்தான்.

நித்திரை மருந்துகளில் எது மலிவு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும். மருந்தின் விலையை எல்லோரும் பார்க்கிறார்கள். நித்திரை வராமல் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் விலையை எந்தப் பதிவேடும் எழுதுவதில்லை.

நித்திரை ஏன் வேண்டும்? விழித்திருக்கும்போது 20 நிமிடம் எடுத்த பதிவு சாதாரணமாக இருந்தால் வலிப்பு இல்லை என்று ஆகாது. வலிப்புள்ள பலருக்கும் முதல் பதிவில் ஒன்றும் அகப்படாது. ரொலாண்டிக் வலிப்பு என்று சொல்லப்படும் பள்ளி வயது வலிப்பில், வலிப்பின் தடமான கூர்முனை அலைகள் மெல்லிய நித்திரையில் பல மடங்கு பெருகும். சில பிள்ளைகளுக்கு நித்திரையில் மட்டுமே வரும். திடீரென்று பேச்சை இழக்கும் லாண்டவ்–கிளெவ்னர் நோய்க்குறியில் நித்திரைப் பதிவு இல்லாமல் எதையும் முடிவு செய்ய இயலாது. கைக்குழந்தைக்குக் கொத்துக் கொத்தாக இழுப்பு வரும் வெஸ்ட் நோய்க்குறியிலும் நித்திரையும் அதிலிருந்து விழிக்கும் நேரமும் சேர்ந்து பதிவானால்தான் படம் தெளிவாகும்.

ஆகவே "பிள்ளை நித்திரையானது" என்பது மட்டும் வெற்றி அல்ல. இலக்ரோட்டுகள் கழராமல், மெல்லிய நித்திரையான இரண்டாம் கட்டத்துக்கு இறங்கி, அந்தக் கட்டத்துக்கே உரிய கதிர் வடிவ (ஸ்பிண்டில்) அலைகள் நடு மண்டையில் தெரிந்து, வாசிக்கக்கூடிய 20, 30 நிமிடம் கிடைத்து, முடிந்தால் விழிப்பும் பதிவானால் அது வெற்றி. மருந்துகளை ஒப்பிடும்போது கண் மூடிய பிள்ளைகளை மட்டும் எண்ணிவிட்டு நிறுத்தினால் கணக்கு அப்போதே பிழைத்துவிடும். ஆழ்ந்து மயங்கிய பிள்ளையும் நித்திரையானதாகத்தான் எண்ணப்படும். ஆனால் அந்தப் பதிவில் வாசிக்கத் தேவையான மெல்லிய நித்திரை இருக்காது.

மருந்துகளுக்கு வருவோம். கீழே வரும் அளவுகள் வீட்டில் கொடுப்பதற்கல்ல. வைத்தியர் எழுதுவதன் பின்னால் உள்ள கணக்கு விளங்குவதற்காகத்தான்.

குளோரல் ஹைட்ரேட் கிழட்டு மருந்து. 1832இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் லீபிக் தயாரித்தது, 1869இல் ஜேர்மன் மருந்தியலாளர் லீப்ரைக் நித்திரைக்கென்று பயன்படுத்தத் தொடங்கியது. இன்றும் பல நாடுகளில் பிள்ளைகளின் ஈஈஜி அறைகளில் இதுதான் வேலைக்காரன். கிலோவுக்கு 50 மில்லிகிராம் வாயால் கொடுத்தால் அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் நித்திரை வரும், ஒன்றிரண்டு மணித்தியாலம் நிற்கும். அரை மணி கழிந்தும் வராவிட்டால் கிலோவுக்கு 25 மில்லிகிராம் கூட்டிக் கொடுப்பார்கள். மொத்தம் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. பல இடங்களில் பெரிய பிள்ளைக்கும் 1 கிராமோடு நிறுத்திவிடுவார்கள். அலைகளை அதிகம் குழப்பாது என்பதுதான் இதன் பெரிய பலம்.

பலவீனங்கள் சுவையில் தொடங்குகின்றன. தொண்டையை எரிக்கும், வயிற்றைப் புரட்டும். கோப்பையில் ஊற்றிக் கொடுத்தால் பாதி சட்டையில் போகும். ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்து, பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, கன்னத்தின் உட்பக்கமாக அரை அரை மில்லிலீட்டராக விட வேண்டும். கொஞ்சம் கோடியல் கலந்தால் இறங்கும். போத்தல் பாலில் கலந்துவிடவே கூடாது: பாதிப் பாலோடு பிள்ளை நிறுத்திக்கொண்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. குடித்து ஐந்து நிமிடத்தில் சத்தி எடுத்தாலும் இதே சிக்கல்தான். முழு அளவையும் திரும்பக் கொடுப்பது ஆபத்து, கொடுக்காமல் விட்டால் நித்திரை வராது.

அதைவிடப் பயங்கரமானது செறிவுக் குழப்பம். 14 கிலோ பிள்ளைக்கு 700 மில்லிகிராம். மில்லிலீட்டருக்கு 100 மில்லிகிராம் உள்ள பாணி மருந்தில் அது 7 மில்லிலீட்டர். அடுத்த தொகுதியை மருந்தகம் மில்லிலீட்டருக்கு 200 மில்லிகிராமாகக் கலந்திருந்து, தாதி வழக்கம்போல் 7 மில்லிலீட்டர் இழுத்தால், பிள்ளைக்குள் போவது 1,400 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 100. நோயாளர் டிக்கெட்டில் "7 மி.லீ." என்று மட்டும் எழுதும் பழக்கம் எங்கே இருந்தாலும் அதை நிறுத்த வேண்டும். மில்லிகிராம், செறிவு, மில்லிலீட்டர் மூன்றும் ஒரே வரியில் வர வேண்டும். நிறையை அன்றைக்கே தராசில் பார்க்க வேண்டும், அம்மாவிடம் கேட்டு எழுதக் கூடாது.

இந்த மருந்தை இனி நம்பியிருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் இதன் பாணி வடிவத்தை 2012இல் உற்பத்தியாளர்கள் நிறுத்திவிட்டார்கள். பல இடங்களில் மருந்தகங்களே கலந்து கொடுக்கின்றன. கலவைக்கு ஆயுள் குறைவு, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும், தொகுதிக்குத் தொகுதி செறிவைச் சரிபார்க்க வேண்டும். 2022இல் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுகள் காலியானதைப் பார்த்த கொழும்பில், "கிடைக்குமா" என்பதும் விலையின் ஒரு பகுதிதான். இந்தியாவில் அதிகம் புழங்கும் டிரைக்ளோபொஸ் இதன் உறவுக்காரன். உடலுக்குள் போய் இரண்டும் ஒரே பொருளாகத்தான் மாறுகின்றன. சுவை பரவாயில்லை, சத்தி குறைவு, ஆனால் நித்திரை வரச் சற்றுத் தாமதமாகும்.

மெலடோனின் மயக்க மருந்தே அல்ல. இருட்டியதும் மூளை தானே சுரக்கிற பொருளைச் சற்று முந்திக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கு 3 மில்லிகிராம், பெரிய பிள்ளைக்கு 6 என்பது பரவலான அளவு. மூச்சை அமுக்காது, பட்டினி வேண்டாம், விழித்ததும் தெளிவாக எழும்பி நடக்கும். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி 2012இலேயே பிள்ளைகளுக்கு நித்திரைப் பதிவு எடுக்க இரண்டு வழிகளைத்தான் சொன்னது: நித்திரையைக் குறைத்துக் கூட்டி வருவது, அல்லது மெலடோனின்.

ஆனால் இது தள்ளாது, அழைக்கும். முதல் நாள் நன்றாக நித்திரை கொண்ட பிள்ளைக்குக் காலை 9 மணிக்கு, டியூப் லைட் எரியும் அறையில், கையில் போனில் கார்ட்டூன் ஓட, மெலடோனின் கொடுத்துவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று எழுதுவது மருந்தின் பிழை அல்ல. திரையை அணைத்து, திரைச்சீலையை மூடி, நித்திரைக் குறைவோடு சேர்த்துக் கொடுத்தால்தான் பேசும். இன்னொன்று: உடனடியாகக் கரையும் குளிசைதான் வேண்டும். மெதுவாக விடும் 2 மில்லிகிராம் குளிசையைப் பொடியாக்கிக் கொடுத்தால் அதன் அமைப்பே குலைந்துவிடும். வெளிநாட்டு உறவுக்காரர் கொண்டுவந்து தந்த கம்மி மிட்டாயை நம்பவே வேண்டாம். கனடாவில் கடைகளில் விற்ற மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், லேபிளில் உள்ள அளவைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு.

நித்திரையையும் வரவைக்கும் ஒவ்வாமை மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹைட்ரொக்சிசீன் மலிவு, எங்கும் கிடைக்கும், சுமாராக வேலை செய்யும். புரோமெதசீன் மலிவிலும் மலிவு. ஆனால் மூச்சு அமுங்கும் ஆபத்தால் இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இலேயே கடும் எச்சரிக்கை போட்டது. ஈஈஜிக்கு வரும் பிள்ளைகளில் கணிசமானோர் அந்த வயதுதான். வலிப்பை நிறுத்தக் கொடுக்கும் மிடசோலமும் நித்திரையாக்கும், ஆனால் நாம் தேடுகிற கூர்முனை அலையையே அழித்துவிட்டு, பதிவெங்கும் வேக அலைகளைத் தூவிவிடும். வலிப்பை நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிட்டு வலிப்பின் தடத்தைத் தேடுவதில் அர்த்தமில்லை.

டெக்ஸ்மெடிடொமிடின் புதியவன், கெட்டிக்காரன், விலை கூடியவன். கிலோவுக்கு 2 முதல் 3 மைக்ரோகிராம் வரை மூக்கில் தூவினால் அரை மணியளவில் இயற்கையான இரண்டாம் கட்ட நித்திரையைப் போன்ற ஒன்று வரும். குடிக்க மறுக்கும், தலையைத் தொடவிடாத ஒட்டிசப் பிள்ளைகளுக்கு இதற்கு நிகர் இல்லை. 15 கிலோ பிள்ளைக்கு 45 மைக்ரோகிராம், மில்லிலீட்டருக்கு 100 மைக்ரோகிராம் உள்ள குப்பியில் 0.45 மில்லிலீட்டர், ஒவ்வொரு மூக்குத் துளைக்கும் பாதி. தூவும் முனையிலேயே கிட்டத்தட்ட 0.1 மில்லிலீட்டர் தங்கிவிடும். அதைக் கூட்டி இழுக்காவிட்டால் பிள்ளைக்குக் கால்வாசி குறைவாகத்தான் போகும். 200 மைக்ரோகிராம் குப்பியில் கிட்டத்தட்ட முக்கால்வாசி மிஞ்சும். மருந்தகம் கிருமி படாத முறையில் முன்கூட்டியே சிரிஞ்சுகளில் பிரித்துக் கொடுக்க முடிந்தால் ஒரே காலையில் மூன்று பிள்ளைகளைப் பதிந்து குப்பியின் விலையை மூன்றாக வகுக்கலாம். முடியாவிட்டால் மிச்சம் குப்பைக்குத்தான். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கும் என்பதால் கண்காணிப்பும் வேண்டும்.

இப்போது கணக்கு. வருகிற எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் அறையின் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பதிவுக்கு அறை, பசை, தொழினுட்பவியலாளரின் நேரம் எல்லாம் சேர்த்து 4,000 ரூபா. மெலடோனின் 50 ரூபா, 100 பிள்ளைகளில் 70 பேருக்கு வெற்றி. குளோரல் கலவை 500 ரூபா. விழிக்கும் வரை ஒரு தாதி அருகே இருப்பதற்கு 1,500. 100இல் 90 வெற்றி. தோற்றவர்கள் இன்னொரு நாள் திரும்ப வருவார்கள். ஆகவே ஒரு முயற்சியின் செலவை வெற்றி வீதத்தால் வகுத்தால், வாசிக்கக்கூடிய ஒரு பதிவின் உண்மையான விலை வரும்.

ஆஸ்பத்திரியின் கணக்கு மட்டும் என்றால் மெலடோனின் 4,050ஐ 0.7ஆல் வகுக்க 5,786 ரூபா. குளோரல் 6,000ஐ 0.9ஆல் வகுக்க 6,667. மெலடோனின் வெல்கிறது. கொழும்புக்குள்ளேயே வெள்ளவத்தையிலிருந்து வரும் குடும்பத்தின் 1,000 ரூபாவையும் சேர்த்தால் 7,214க்கு எதிராக 7,778, இன்னும் மெலடோனின்தான். ஹட்டனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வரும் குடும்பத்துக்குப் போக்குவரத்து, சாப்பாடு, இரண்டு நாள் கூலி என்று 6,000 ரூபா போட்டுப் பாருங்கள்: மெலடோனின் 14,357, குளோரல் 13,333. தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. சாய்கிற புள்ளியையும் காணலாம்: இந்த எண்களின்படி குடும்பத்தின் செலவு 2,775 ரூபாவைத் தாண்டினால் குளோரல் மலிவாகிறது.

மருந்து மாறவில்லை, வெற்றி வீதம் மாறவில்லை, தூரம்தான் மாறியது. இலவச வைத்தியம் உள்ள நாட்டில் குடும்பத்தின் செலவு ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறாது. அதனால் பொரளை ஆஸ்பத்திரியில் இருந்து பார்க்கிறவருக்கு ஒரு மருந்து மலிவு, தோட்டத்து லயத்திலிருந்து பார்க்கிறவருக்கு இன்னொன்று மலிவு. இரண்டுமே சரியான கணக்குத்தான்.

மூன்றாவது வழி இரண்டையும் வெல்லும்: முதலில் மெலடோனின், நித்திரை வராவிட்டால் அதே நாளில் குளோரல். மெலடோனினுக்கு மசியாதவர்கள் அடம் பிடிக்கிற கூட்டம் என்பதால் அவர்களிடம் குளோரலின் வெற்றியை 80 ஆகக் குறைத்துக்கொள்வோம். 70 பேரோடு, மிச்ச 30 பேரில் 24 பேர், மொத்தம் 94. தூரத்துக் குடும்பத்துக்கு 10,050 ரூபாவோடு, 30 சதவீதத்தினருக்கு மட்டும் கூடும் 2,000இன் பங்கு 600. 10,650ஐ 0.94ஆல் வகுத்தால் 11,330 ரூபா. வெள்ளவத்தைக் குடும்பத்துக்கு 6,011.

தாளில் இது அழகு. அறையில் வயிறு குறுக்கே வந்து நிற்கும். குளோரல் கொடுக்க வேண்டி வரலாம் என்றால் 6 மணித்தியாலம் முன்பே சாப்பாடும் பால்மாவும் நிற்க வேண்டும், தாய்ப்பால் 4 மணித்தியாலம், தண்ணீர் 2. ஆனால் பசித்த பிள்ளை மெலடோனினுக்கு மசியாது. நான் பார்க்கும் ஒரே வழி, காலை 6 மணிக்கு முன் வயிறு நிறையச் சாப்பாடு, பிறகு 10 மணி வரை தண்ணீரோ குளுக்கோஸ் கரைசலோ, 12 மணியளவில் மெலடோனின், ஒரு மணிக்கு முடிவு. பசிக்கு இதமாக என்று பிளேன்டீ கொடுத்துவிடுவார்கள். நித்திரையை விரட்டும் அந்த ஒரு கோப்பை முழு ஏற்பாட்டையும் கெடுக்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இதெல்லாம் தேவையே இல்லை: இலக்ரோட்டை ஒட்டிவிட்டு, வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் சுற்றி, அம்மாவின் கையில் விட்டால் பெரும்பாலும் போதும்.

பட்டினி என்றதும் காலையில் கொடுக்க வேண்டிய வலிப்பு மருந்தையும் சேர்த்து நிறுத்திவிடுகிற பெற்றோர் உண்டு. வைத்தியர் சொல்லாமல் அதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஈஈஜி மேசையிலேயே பிட்ஸ் வரலாம்.

செலவே இல்லாமல் வெற்றி வீதத்தைக் கூட்டுகிற ஒரு மாற்றம் நேரம் குறிப்பதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் இரவு பஸ் எடுத்து விடியப்புறம் கொழும்பில் இறங்குவார்கள். "பிள்ளையைப் பிந்திப் படுக்கவைத்து வெள்ளென எழுப்புங்கள்" என்று துண்டில் எழுதியிருக்கும். பஸ்ஸோ 400 கிலோமீட்டரும் தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டு வரும். அம்மா விழித்திருப்பாள், பிள்ளை ஆறு மணித்தியாலம் நித்திரை கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையைக் காலை 8 மணிக்கு மேசையில் போட்டால் எந்த மலிவு மருந்தும் தோற்கும். தூர இடத்தவருக்கு மத்தியானம் 12 மணிக்குப் பிறகும், கொழும்புக்காரருக்குக் காலையிலும் நேரம் கொடுத்தாலே போதும். பகல் நித்திரையின் இயல்பான நேரமும் துணைக்கு வரும். துண்டு தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம். அதில் நான்கு விஷயம் போதும்: முதல் நாள் ஷாம்பு போட்டு முழுகி எண்ணெய் வைக்காமல் வரவும், பிள்ளை எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழும்ப வேண்டும், கடைசிச் சாப்பாட்டு நேரம், வலிப்பு மருந்தை நிறுத்த வேண்டாம்.

வரிசையைக் குறைப்பதும் செலவுக் கணக்குத்தான். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், காய்ச்சலோடு ஒரு தடவை சில நிமிடம் வந்துபோன சாதாரண வலிப்புக்கு ஈஈஜி தேவையில்லை என்று அமெரிக்க குழந்தை மருத்துவ அகடமி 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நாளெல்லாம், வெஸ்ட் நோய்க்குறி உள்ள கைக்குழந்தைக்குச் சிகிச்சை பிந்துகிறது.

குளோரல் கொடுக்கிற அறையில் ஒட்சிசன், சளி உறிஞ்சும் இயந்திரம், பிள்ளையின் அளவுக்கு ஏற்ற மாஸ்க்கும் பையும், விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றரும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பதிவைப் பார்ப்பவரும் மூச்சைப் பார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. டொன்சில் பெருத்து இரவில் குறட்டை விடும் பிள்ளை, குளோபசாம் என்ற வலிப்பு மருந்தை எடுக்கும் பிள்ளை, இதயக் கோளாறோ ஈரல் கோளாறோ உள்ள பிள்ளை ஆகியோரை முதலிலேயே பிரித்தெடுத்து வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பதிவு முடிந்ததும் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுக்கும் அவசரத்தில்தான் கடைசிப் பிழை நடக்கும். குளோரல் உடலில் மாறி உருவாகும் பொருள் பாதியாகக் குறையவே பெரிய பிள்ளைக்கு 8 முதல் 12 மணித்தியாலம் ஆகும், பச்சைக் குழந்தைக்கு அதைவிட நீளும். கண் திறந்த பிள்ளை ஆட்டோவின் ஆட்டத்தில் திரும்பச் சொக்கும். தலை முன்னுக்குச் சரிந்து நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுக் குழாய் மடிந்துவிடும். இப்படி வாகனத்தில் போகும்போது இறந்த பிள்ளைகள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். வீட்டுக்கு விடுமுன் பிள்ளை தலையைத் தானே நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும், தண்ணீர் குடித்துத் தங்க வேண்டும், பேரைச் சொன்னால் திரும்ப வேண்டும், பிள்ளை வந்தபோது காட்டிய அதே எண்ணை ஒட்சிசன் மீற்றர் காட்ட வேண்டும். பிறகும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். பின் சீற்றில் ஒருவர் பிள்ளையைச் சாய்த்துப் பிடித்து முகத்தைப் பார்த்துக்கொண்டே போக.